பாட்டு வரி இல்லாத எலக்ட்ரானிக் இசையை ஊருக்குள் எப்படிக் கேட்கிறீர்கள்?

சேப்பாக்கம்_லெட்ஜர் | திங்கள், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் தினமும் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கத்தில் இறங்குகிறவள். ஆடிட்டர் ஆபீஸ் வேலை. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது பாட்டு போட்டுக்கொண்டு வேலை பார்க்க எனக்கு வராது. பாட்டு ஓடினால் வரி வாய்க்கு வந்துவிடும், வரி வந்தால் கையில் இருக்கிற எண் போய்விடும். போன வருடம் கூட வேலை செய்கிற தம்பி ஒருவன், இதைக் கேட்டுப் பாருங்கள் அக்கா என்று இங்கிலாந்து இசைக்காரர் பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' போட்டுக் கொடுத்தான். 1978ல் வந்ததாம். முதல் துண்டே 17 நிமிடம். பியானோவில் சில ஸ்வரங்கள் வரும், போகும், நடுவில் நிறைய இடம். அன்று மாலை வரை ஒரு கூட்டல் பிழைகூட இல்லாமல் வேலை முடிந்தது.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. டேஞ்சரின் ட்ரீம், ஏஃபெக்ஸ் ட்வின் என்று இதே மாதிரி எலக்ட்ரானிக் இசை செய்கிறவர்கள், அங்கிருந்து இன்னும் எங்கெங்கோ போய்விட்டேன். காலையில் கோட்டூர்புரம் தாண்டி ரயில் அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது, தண்ணீர் மேல் வெயில் விழுந்து, காதில் ஒரு சிந்தசைசர் மெதுவாக எழும்பினால், இந்த ஊரில் இருப்பதே ஒரு கொடுப்பினை மாதிரி இருக்கும். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். வெளிச்சத்தம் வராமல் தடுக்கிற ஹெட்ஃபோன் வாங்கினேன். மூன்று வாரம் முன்னால், சாயங்கால ரயில், லேடீஸ் பெட்டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மயக்கம் வந்து என்னிடம் தண்ணீர் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. எதிர் சீட்டுப் பெண் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். என் பையில் முழு பாட்டில் இருந்தது.

அன்றிலிருந்து அந்த ஹெட்ஃபோனைத் தொடவில்லை. இந்த இசையை நான் ஊரைச் சாத்திவைக்கத்தான் கேட்கிறேனோ என்று தோன்றிவிட்டது. நீங்கள் எல்லாம் எப்படிக் கேட்கிறீர்கள்? எங்கே, எவ்வளவு சத்தத்தில், எதற்காக?

தறிச்சத்தம் | திங்கள், இரவு 11.05

அந்த அம்மா தேறிவிட்டார்கள் அல்லவா? அது போதும் அக்கா, அதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

என் கதை கொஞ்சம் வேறு. நான் குமாரபாளையம். வீட்டுக்குள்ளேயே நாலு விசைத்தறி. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறேன், கரண்ட் போய் தறி நின்றால்தான் முழிப்பு வரும். நாலு தறியும் ஒரே வேகத்தில் ஓடாது, ஒன்று இன்னொன்றை விட ஒரு நூல் பிந்தும், அதனால் கொஞ்ச நேரம் எல்லாம் சேர்ந்து அடிக்கும், அப்புறம் மெதுவாக விலகும், திரும்பச் சேரும். நாடா அடிக்கிற சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் இழை அறுந்தது என்று எங்கள் அப்பா அடுப்படியில் இருந்து சொல்வார்.

வேலைக்காக பெங்களூர் வந்தேன். முதல் ஒரு மாதம் தூக்கமே இல்லை. பிஜியில் அறை அமைதியாக இருந்ததுதான் காரணம் என்று எனக்கே அப்போது தெரியாது. ஒரு நாள் யாரோ டெட்ராய்ட் டெக்னோ அனுப்பினார்கள். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்று மூன்று பேர், 80களில் அமெரிக்காவின் கார் தொழிற்சாலை ஊரில் டிரம் மெஷினை வைத்துச் செய்தது. இரண்டாவது நிமிடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுச் சத்தம் அது. மெஷின் இசைக்கு உணர்ச்சி இல்லை என்று சொல்கிறவர்கள் மெஷினோடு வாழ்ந்ததில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதனால் நான் கேட்பது ஊரைச் சாத்த இல்லை. என் ஊரை இந்த ஊருக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ள.

ஹெல்மெட்_வியாசர்பாடி | செவ்வாய், அதிகாலை 1.15

ரோட்டில் காதை அடைக்காதீர்கள். ஒரு காதுகூட வேண்டாம். நான் டெலிவரி வண்டி ஓட்டுகிறேன், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். பின்னால் வருகிற தண்ணி லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காதுதான் சொல்லும், கண்ணாடி பார்ப்பதெல்லாம் அப்புறம். நடந்து போகிறவர்கள் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு குறுக்கே வருவதை தினமும் பார்க்கிறேன், ஹாரன் அடித்தாலும் திரும்புவதில்லை.

இசை எனக்கும் பிடிக்கும். நான் கேட்கிற விதம் வேறு, நாளைக்கு எழுதுகிறேன், இப்போது தூங்க வேண்டும்.

ஐந்தரைக்_கட்டை | செவ்வாய், காலை 6.10

நான் மடிப்பாக்கத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், 26 வருடமாக. உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் பையன் அறையில் இந்த இசை ஓடும்போதெல்லாம் எனக்கு ஒரு தவிப்பு வரும். எங்கே மூச்சு விடுகிறார்கள்? பாடுகிறவர் மூச்சு வாங்குவார், நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவார், வயலினில் வில் திரும்பும். அந்த இடம்தான் எனக்கு இசையில் உயிர் இருக்கிற இடம். இதில் ஒரு ஸ்வரம் கால் மணி நேரம் நிற்கிறது, யாருக்கும் மூச்சு முட்டவில்லை.

லெட்ஜர் அக்கா கேட்ட கேள்வி சரியான கேள்வி என்று நினைக்கிறேன். மூச்சே விடாத ஒன்றைக் காதுக்குள் வைத்துக்கொண்டால் பக்கத்தில் மூச்சுத் திணறுகிறவர் தெரியாமல்தான் போவார்.

ஸ்ப்ரீ_நதிக்கரை | செவ்வாய், மதியம் 2.40

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். நான் பெர்லினில் இருக்கிறேன், சொந்த ஊர் காரைக்குடி. நீங்கள் சொல்வதை மறுக்க வரவில்லை, ஒரு சம்பவம் சொல்ல வந்தேன். லெட்ஜர் அக்காவின் கேள்விக்கும் அதுதான் என் பதில்.

1975 ஜனவரியில் பிரையன் ஈனோ லண்டனில் டாக்ஸி மோதி அடிபட்டுப் படுத்த படுக்கையாக இருந்தார். பார்க்க வந்த தோழி ஹார்ப் என்ற தந்தி வாத்தியத்தின் இசைத்தட்டு ஒன்று கொண்டுவந்தார், 18ம் நூற்றாண்டு இசை. தட்டைச் சுழலவிட்டுப் படுத்த பிறகுதான் கவனிக்கிறார், சத்தம் ரொம்பக் குறைவு, ஒரு பக்க ஸ்பீக்கர் வேறு வேலை செய்யவில்லை. எழுந்து போய்க் கூட்டுவதற்கு உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு நடுவில் ஹார்ப்பின் சில ஸ்வரங்கள் மட்டும் அங்கங்கே எட்டிப் பார்த்தன. அறையின் வெளிச்சம் மாதிரி, மழை மாதிரி, இசையும் அந்த இடத்தில் இருக்கிற ஒரு பொருளாக ஆகலாம் என்று அவருக்குத் தோன்றியது அங்கேதான். மூன்று வருடம் கழித்து அக்கா கேட்கிற அந்த ஆல்பம் வந்தது.

ஆக இந்த இசை பிறந்ததே, சத்தத்தைக் கூட்ட முடியாமல், மழையும் சேர்ந்து காதில் விழுந்ததால். காதை இறுக்கி மூடி, வெளியே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுக் கேட்டால் மழையை எடுத்துவிட்டுக் கேட்கிற மாதிரிதான். குற்றம் இசையில் இல்லை, அந்த ஹெட்ஃபோன் தடுப்பில் இருக்கிறது.

மூச்சைப் பற்றி: அதே ஆல்பத்தில் இரண்டாவது துண்டு முழுக்க மனிதக் குரல்தான், சொல் இல்லாத 'ஆ'. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி டேப் வளையத்தில் சுற்றுகிறது. ஒரு வளையம் 23½ விநாடி, இன்னொன்று 26க்குக் கொஞ்சம் குறைவு, வேறொன்று கிட்டத்தட்ட 30. ஒன்றோடு ஒன்று பொருந்தாத நீளம் என்பதால் எப்போது எது சேரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நம்ம தறிச்சத்தம் நண்பர் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. நாலு தறி, நாலு வேகம்.

இந்த ஊரில் டெக்னோவுக்குப் பெயர் போன ட்ரெசோர் என்ற கிளப் 1991ல் தொடங்கியது, இடிந்த ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் நிலவறைப் பெட்டகத்தில். 2024ல் ஜெர்மனி, யுனெஸ்கோவுக்கான தன் மரபுப் பட்டியலில் பெர்லின் டெக்னோவைச் சேர்த்திருக்கிறது. ஆனால் நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. ஞாயிறு காலை, ஜன்னலைத் திறந்து வைத்து, தெருவில் சைக்கிள் மணி கேட்கிற அளவுக்கு ஸ்பீக்கரைக் குறைத்து வைத்து டேஞ்சரின் ட்ரீம், அவ்வளவுதான். அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான்.

ஐந்தரைக்_கட்டை | செவ்வாய், மாலை 4.30

அந்த டேப் வளையக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்தும் ஏழும் முப்பத்தைந்தில் சேரும் என்று வகுப்பில் கை தட்டிக் காட்டுவேன், குழந்தைகள் சேருகிற இடத்துக்காகக் காத்துக்கொண்டே இருப்பார்கள். சேரவே சேராமல் வைத்திருக்கிறார் என்றால் காத்திருப்பதே இசை என்கிறார் போல. இன்று இரவு கேட்கிறேன்.

நிஷிகசாய் | செவ்வாய், மாலை 6.00

டோக்கியோவில் இருந்து. ஒன்பது வருடமாக இங்கே வேலை, நிஷி கசாய் பக்கம் நம்ம ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இங்கே நான் எலக்ட்ரானிக் இசையைக் கேட்கத் தொடங்கியதே ஹெட்ஃபோனில் இல்லை, ரயில் நிலையத்தில். ஜேஆர் என்கிற ரயில் கம்பெனியின் ஸ்டேஷன்களில் ரயில் புறப்படும் முன் சின்னதாக ஒரு மெட்டு வரும், சில விநாடிதான். முன்னால் கரகரவென்று மணி அடிப்பார்களாம், அது ஜனங்களைப் பதற வைக்கிறது என்று 1989ல் ஷின்ஜுகு, ஷிபுயா இரண்டு நிலையங்களில் மெட்டாக மாற்றினார்கள், அப்புறம் மற்ற இடங்களுக்கும் பரவியது. இப்போது பல நிலையங்களுக்குத் தனித்தனி மெட்டு. வந்த புதிதில் எனக்கு எழுத்துப் படிக்க வராது. தூக்கத்தில் மெட்டைக் கேட்டு எந்த ஸ்டேஷன் என்று கண்டுபிடித்து இறங்கியிருக்கிறேன்.

ஹிரோஷி யோஷிமுரா என்று ஒருவர். 1982ல் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட்கார்ட்ஸ்' செய்தார். ஜன்னல் வழியாகத் தெரிகிற மேகம், மரநிழல் மாதிரியான காட்சிகளுக்கு ஒன்பது சின்னத் துண்டுகள். ஷினகாவா பக்கம் இருந்த ஹாரா அருங்காட்சியகத்தில் அது ஒலித்தது. அந்த அருங்காட்சியகம் 2021ல் மூடிவிட்டது, மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை போய் வந்தேன், முற்றத்து மரத்தடியில் நின்று காதில் எதுவும் இல்லாமல் அந்த மெட்டுகளை மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தேன். இந்த வகைக்கு இங்கே 'கான்க்யோ ஒங்காகு' என்கிறார்கள், சுற்றுப்புற இசை என்று அர்த்தம்.

அக்கா, ஒரு யோசனை. அவருடைய துண்டுகள் எல்லாம் ரொம்ப மென்மை. வெளிச்சத்தத்துக்கு மேலே ஏற்றிக் கேட்டால் கெட்டுப்போகும், கீழேயே வைத்தால் அழகாக இருக்கும். பறக்கும் ரயிலில் சத்தத்தைக் கூட்டாமல், கேட்டதைக் கேட்டு, விட்டதை விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, காதுக்கும் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ரயில் இரைச்சலை ஜெயிக்க வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போனால் அந்த அளவைச் சீக்கிரம் தாண்டிவிடுவோம்.

மாதுங்கா_ஸ்லோ_லோக்கல் | செவ்வாய், இரவு 9.50

எல்லோரும் லண்டன், பெர்லின், டோக்கியோ என்கிறீர்கள், நம்ம நாட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்குப் பெருமை உண்டு.

அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம், என்ஐடி. 1969ல் அமெரிக்க இசைக்காரர் டேவிட் டியூடர் அங்கே மூக் சிந்தசைசர் வைத்து ஒரு ஸ்டூடியோ அமைத்தார். கீதா சாராபாய், எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாதுர், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா எல்லாம் அங்கே வேலை செய்தவர்கள். டேப்புகள் அப்படியே கிடந்து, 2023ல்தான் இசைத்தட்டாக வெளியே வந்தன. இந்த கீதா சாராபாய் பக்வாஜ் என்ற வடஇந்திய மேளம் வாசித்தவர், 40களிலேயே நியூயார்க்கில் ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசைக்காரருக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்தவர்.

அடுத்தது எங்கள் பம்பாய். சரண்ஜித் சிங், இந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்தவர். 1982ல் ரோலண்ட் கம்பெனியின் ஜூபிடர் 8, டிஆர் 808, டிபி 303 என்ற மூன்று எலக்ட்ரானிக் இசைப் பெட்டிகளையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டார். டீச்சர் அம்மா கவனியுங்கள்: பூபாளி இருக்கிறது, அதாவது நம்ம மோகனம். மால்கௌன்ஸ் இருக்கிறது, நம்ம ஹிந்தோளம். யமன் இருக்கிறது, கல்யாணி. 303 பெட்டியில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற வசதி உண்டு, அது ராகத்துக்குப் பொருந்தி வருவதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். சிகாகோக்காரர்கள் அதே பெட்டியை வைத்து 'ஆசிட்' என்று புகழ் பெற்ற இசையை 1987ல்தான் தட்டில் கொண்டுவந்தார்கள். இவருடையது வந்தபோது யாரும் வாங்கவில்லை, 2010ல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. வயதான காலத்தில் மேடை ஏறி வாசித்தார், 2015ல் காலமானார். அந்த மரியாதை அவருக்கு இருபது வருடம் முன்னால் கிடைத்திருக்க வேண்டும், அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

நான் கேட்கிற விதம்: ஸ்லோ லோக்கல், மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாகப் பாதி உட்கார்ந்துகொண்டு, சரண்ஜித் சிங்கின் பைரவ் ராகத் துண்டு. காலையில் எங்கள் பெட்டியில் ஒரு பஜனைக் குழு ஏறும், ஜால்ரா எல்லாம் உண்டு. அவர்கள் ஆரம்பித்ததும் நான் நிறுத்திவிடுவேன். அவர்கள் இறங்கியதும் திரும்பப் போடுவேன்.

ஐந்தரைக்_கட்டை | புதன், காலை 5.45

இரவு கேட்டேன். இரண்டு தடவை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் வீட்டுக்கு எதிரே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்து, பெர்லின் தம்பி சொன்ன மாதிரி மெதுவாக வைத்துக் கேட்டேன். ஒரு இடத்தில் இசை அடங்கினபோது அந்த டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் எழுந்து வந்தது, அது எனக்குப் பழகின ஸ்வரமாக இருந்தது. என் பையன் எலக்ட்ரிகல் படித்தவன், அவனை எழுப்பிக் கேட்டேன். நம்ம மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருக்கிற இரும்புத் தகடு இரண்டு தரம் அதிரும், அதனால் விநாடிக்கு 100 அதிர்வு என்றான். நூறின் மேல் ஸ்தாயி இருநூறு. ஐந்து கட்டை ஷட்ஜம் 196, நான் பாடுகிற ஐந்தரை கிட்டத்தட்ட 208. அப்படியென்றால் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே, என் கட்டைக்குக் கொஞ்சம் கீழே அது இத்தனை வருடமாக எனக்குச் சுருதி போட்டுக்கொண்டிருக்கிறது.

அப்புறம்தான் நினைவு வந்தது. காலையில் ஐந்து மணிக்கு நான் முதலில் செய்கிற காரியமே எலக்ட்ரானிக் தம்பூராவை ஆன் செய்வதுதான். அதுவும் மூச்சு விடாது. மணிக்கணக்கில் நிற்கும், வரி கிடையாது, தாளம் கிடையாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பால்காரர் மணியும் கேட்கும், மாடியில் வாளி இழுக்கிறதும் கேட்கும். ஒரு நாளும் அதை மூச்சில்லாதது என்று நான் சொன்னதில்லை, ஏனென்றால் மூச்சு விடுகிறவள் நான். நான் பாட அது இடம் விடுகிறது.

நேற்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். பையன் அறையில் ஓடுவது இனி என்னைத் தவிக்க வைக்காது என்று சொல்ல மாட்டேன், சிலது இன்னும் பிடிக்கவில்லை. இது பிடித்திருக்கிறது.

தறிச்சத்தம் | புதன், காலை 8.30

டீச்சர், படித்துவிட்டு அம்மாவுக்கு ஃபோன் போட்டு, தறி ஓடும்போது கொஞ்ச நேரம் ஃபோனை அங்கேயே வைக்கச் சொன்னேன். எதுக்குடா என்றார். சும்மா என்றேன்.

ஹெல்மெட்_வியாசர்பாடி | வியாழன், அதிகாலை 1.40

சொன்ன மாதிரி எழுதுகிறேன். வேலை முடிந்து வர பன்னிரண்டு ஆகும். வீட்டில் எல்லோரும் தூங்குவார்கள், ஒரே அறை. நான் மொட்டை மாடிக்குப் போய், ஃபோனை எவர்சில்வர் சொம்புக்குள் வைத்துவிடுவேன். செய்து பாருங்கள், அடி சத்தம் கொஞ்சம் திரண்டு வரும், பக்கத்து வீட்டையும் எழுப்பாது. கூட்ஸ் வண்டி போகும், நாய் குரைக்கும், எல்லாம் சேர்ந்து கேட்கும்.

கேட்பது போக நானே செய்கிறேன். ஃபோனில்தான், ஒரு ஆப். சத்தம் எல்லாம் நான் பதிவு செய்தது: லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம், ஓட்டல் கிச்சனில் ஆர்டர் வந்தால் அடிக்கிற மெஷின், தகரக் கூரையில் மழை. இதுவரை நாலு செய்திருக்கிறேன், ஒன்று ஆறு நிமிடம். வரி எழுத மாட்டாயா, கானா பாடேன் என்று கூட்டாளிகள் கேட்கிறார்கள். கானா எனக்கு உயிர், எங்கள் ஏரியாவில் பிறந்தவன் வேறு எப்படிச் சொல்வான். ஆனால் நாள் முழுக்க ஜனங்கள் என்னிடம் பேசுவது 'சார் லேட்', 'லொகேஷன் தப்பு', 'ஓடிபி சொல்லுங்க' இதுதான். ராத்திரி ஒரு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தால் போதும் எனக்கு. அதே நேரம் தனியாகவும் இருக்க வேண்டாம். சொம்பு வைத்துக் கேட்பது அதற்குச் சரியாக இருக்கிறது.

லெட்ஜர் அக்கா, நீங்கள் அந்த அம்மாவை மறக்காமல் இருக்கிறீர்கள் இல்லையா, அப்படியென்றால் நீங்கள் ஊரைச் சாத்தவில்லை.

சேப்பாக்கம்_லெட்ஜர் | வெள்ளி, இரவு 9.15

நாலு நாளில் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. ஹெல்மெட் தம்பி, அந்த ஆறு நிமிடத் துண்டை இங்கே போடுங்கள், தகரக் கூரை மழை எனக்கு வேண்டும்.

செய்ததைச் சொல்கிறேன். பழைய வயர் இயர்போனைத் தேடி எடுத்தேன், எதையும் தடுக்காதது. ரயிலில் உட்கார்ந்த பிறகு மட்டும், ஒரு காதில் மட்டும். புதன் காலை யோஷிமுரா. தரமணி வரை பாதி கேட்கவில்லை, எரிச்சலாகக்கூட இருந்தது. திருவான்மியூரில் ரயில் நின்று, மோட்டார் இரைச்சல் அடங்கி, கதவுப் பக்கம் ஒரு பெண் பூ கட்டிக்கொண்டே விலை சொல்கிற குரலும் அந்த ஸ்வரங்களும் ஒரே சமயத்தில் வந்தன. ரயில் கிளம்பினதும் இசை உள்ளே போய்விட்டது, அடுத்த நிறுத்தத்தில் வெளியே வந்தது. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அது தலை காட்டிப் போவதைக் கேட்கவே எனக்கு ஆசையாகிவிட்டது. அடையாற்றுப் பாலத்தில் ஒன்றுமே கேட்கவில்லை, தண்ணீரை மட்டும் பார்த்தேன்.

ஆபீஸில் ஸ்பீக்கர் அனுமதி இல்லை, அதனால் கணக்குக்கு இயர்போன்தான், அதில் மாற்றம் இல்லை.

இன்று சாயங்காலம் பக்கத்தில் ஸ்கூல் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், பத்தாவது இருக்கும். என்ன அக்கா கேட்கிறீர்கள், பாட்டே வரமாட்டேங்குதே என்றாள், வயரில் தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு பக்கத்தை அவளே எடுத்துப் பார்த்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. கஸ்தூர்பா நகரில் ஏறினவள் பெருங்குடி வரை காதில் வைத்திருந்தாள். இறங்கும்போது, இது பேர் எழுதிக் கொடுங்க என்று கையை நீட்டினாள். பேனாவால் உள்ளங்கையிலேயே எழுதிக் கொடுத்தேன்.